ஏழு அங்குலக் குரல்

“உன்கிட்ட ஒண்ணு கேக்கணும்” என்றாள் அக்கா.

“ஆபரேஷன் முடிஞ்சு கேளேன்க்கா.”

“முடிஞ்ச பிறகு எதை வெச்சுடி கேப்பேன்?”

“எழுதிக் காட்டு. நான் படிச்சுக்கறேன்.”

அக்கா சிரித்தாள். வெங்காய மண்டியில் இருபத்திரண்டு வருஷம் ஏலம் விட்ட தொண்டையின் சிரிப்பு அது. ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அதற்கு மேல் அவள் எதுவும் கேட்கவில்லை. மறுநாள் காலையில் டாக்டர்கள் அவள் குரல்வளையை எடுத்துவிட்டார்கள்.

இது ஏழு மாதங்களுக்கு முன் நடந்தது. இன்றும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் தங்கைக்கு அந்தச் சிரிப்புதான் காதில் விழுகிறது.

அக்கா என்ன கேட்க வந்தாள் என்பது தனக்குத் தெரியும் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். ‘உன் வீட்டுக்கு என்னைக் கூட்டிட்டுப் போ.’ வேறென்ன இருக்க முடியும்? தங்கை இருப்பது இரண்டாவது மாடியில், ஒற்றைப் படுக்கையறை வீட்டில். கணவனுக்கு ராத்திரி வேலை, பகலெல்லாம் தூக்கம். சொல்ல வேண்டிய காரணங்களை இஸ்திரி போட்ட துணி மாதிரி மடித்து அடுக்கித் தயாராக வைத்திருந்தாள். கேள்விதான் வரவே இல்லை.

அக்காவுக்கு இளையவன், இவளுக்கு மூத்தவன் அண்ணன். அவனுக்கு அந்தச் சங்கடமெல்லாம் கிடையாது. “அக்காவைப் பாத்துக்க ஆள் வேணுமில்ல” என்று ஆபரேஷனுக்கு முன்பிருந்தே சொல்லிக்கொண்டிருந்தவன், ஆபரேஷன் நடந்த அதே வாரம் தன் வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு, மனைவியோடும் மூட்டை முடிச்சுகளோடும் அக்கா வீட்டில் வந்து இறங்கிவிட்டான். இறங்கியவன் மூன்றாம் நாளே முன்பக்கத்துப் படுக்கையறையைப் பிடித்துக்கொண்டான். அக்காவுக்கு வெளிச்சத்தில் கண் கூசுமாம். அதனால் அவளுடைய கட்டில், அவளுடைய வீட்டின் பின்பக்கம், வாஷிங் மெஷினுக்குப் பக்கத்தில் போடப்பட்டது.

சனிக்கிழமை காலை தங்கை போனபோது அண்ணன் கூடத்தில் செல்போனும் கையுமாக உட்கார்ந்திருந்தான்.

அவன் தண்ணீர் சுத்திகரிக்கும் இயந்திரம் விற்பவன். வீட்டுக்கு வீடு போய், ஒரு கண்ணாடி டம்ளர் குழாய்த் தண்ணீரில் ஏதோ நாலு சொட்டு விட்டு, அது மஞ்சளாக மாறுவதைக் காட்டி, “இதைத்தான் மேடம் தினமும் குடிக்கிறீங்க” என்று முகம் சுளிப்பான். அந்தச் சுளிப்பில்தான் அவனுக்கு வியாபாரம். இப்போதெல்லாம் வீட்டுக்கு வந்த பிறகும் அதைக் கழற்றி வைக்க முடிவதில்லை.

“வா, இதைப் பாரு. பதினோரு இஞ்ச். எட்டு ஜிபி ரேம். நாலு ஸ்பீக்கர்.”

“அக்கா பேசறதுக்குத்தானே டேப்லெட்? பேச்சுப் பயிற்சி குடுக்கற அம்மா சின்னதா வாங்கச் சொன்னாங்களே. போற இடத்துக்கெல்லாம் கையில எடுத்துட்டுப் போற மாதிரி.”

“சின்னது எல்லாம் குப்பை. ரிவ்யூ பூரா படிச்சிட்டேன். விலை கம்மின்னு வாங்கிட்டு ஆறு மாசத்துல தூக்கிப் போடணும். வாங்கறதே வாங்கறோம், வீட்ல எல்லாருக்கும் உதவற மாதிரி வாங்குவோம். அவ பேசாத நேரத்துல நான் மேட்ச் பாத்துப்பேன்.”

“அவ பேசாத நேரம்னா எது?”

அண்ணனுக்குக் கேள்வி புரியவில்லை. “அதான் ஏழு மாசமா பேசறதே இல்லையே” என்றான்.

சமையலறையிலிருந்து அண்ணி எட்டிப் பார்த்தாள். “சளிக் கையோட தொட்டுட்டுக் குடுத்தா நாம எப்படித் தொடறது? கவர் போடணும்ங்க. ரெண்டு கவரா போட்டுடுங்க.”

தங்கை தண்ணீர் குடிக்க உள்ளே போனாள். அலமாரியில் டம்ளர்கள் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. ஒன்று மட்டும் தனியாக, ஜன்னல் கட்டையில். அதன் அடியில் சிவப்பாக ஒரு புள்ளி. நகப்பாலிஷ். பக்கத்தில் இருந்த தட்டிலும், கரண்டியிலும் அதே சிவப்பு.

தங்கை ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்ப்பவள்.

சளி, சீழ், சிறுநீர் எதைப் பார்த்தும் அவளுக்குக் குமட்டியதில்லை. காலை எட்டு மணிக்குக் கையுறை மாட்டினால் மாலைவரை அதுதான் தொழில். இந்தச் சிவப்புப் புள்ளியைப் பார்த்துத்தான் குமட்டியது.

அந்த டம்ளரையே எடுத்து, நிறையத் தண்ணீர் பிடித்து, நின்ற இடத்திலேயே மடமடவென்று குடித்தாள்.

“அய்யோ, அது அக்காவோடது” என்றாள் அண்ணி.

“தெரியுது அண்ணி.”

“நல்லா தேய்ச்சுதான் வெச்சிருக்கேன். இருந்தாலும்…”

“எங்க லேப்ல தினம் நாப்பது டப்பா சளி வருது. பேர் எழுதி ஒட்டுவோம். பொட்டு வெக்கறதில்ல.”

அண்ணியின் முகம் சுருங்கியதைப் பார்க்கத் தங்கைக்குத் திருப்தியாக இருந்தது. பெரிதாக எதையோ செய்துவிட்ட நிறைவோடு திரும்பினாள். பின்கட்டு வாசலில் அக்கா நின்றிருந்தாள். கழுத்து ஓட்டையை மறைத்த வெள்ளைத் துணி, கையில் சுருள் கம்பி நோட்டு, காதில் பென்சில். எல்லாவற்றையும் பார்த்திருக்கிறாள். ஆனால் அவள் முகத்தில் நன்றியும் இல்லை, சிரிப்பும் இல்லை. தேறாத சரக்கைப் பார்க்கும் மண்டிக்காரியின் பார்வை.

காதிலிருந்து பென்சிலை எடுத்து எழுத ஆரம்பித்தாள். ‘உன்கிட்ட.’

“பேசலாம்க்கா. முதல்ல கடைக்குப் போயிட்டு வந்துடலாம்” என்றாள் தங்கை.

பென்சில் நின்றது.

இந்த வீட்டில் இதுதான் பழக்கமாகிப் போயிருந்தது. அக்கா முதல் வார்த்தையை எழுதும்போதே மிச்சத்தை எல்லோரும் சொல்லிவிடுவார்கள். ‘எனக்கு’ என்று எழுதினால் “காபிதானே?” ‘இந்த’ என்று எழுதினால் “ஃபேன் போடணுமா?” அவள் ஆமாம் என்றோ இல்லை என்றோ தலையசைப்பதற்குள் காபியும் வந்துவிடும், ஃபேனும் சுற்றும். ஒரு காலத்தில் அந்தக் குரலுக்குக் குறுக்கே பேச ஆள் கிடையாது. சின்ன வயதில் தம்பி தங்கையைப் படுக்கையிலிருந்து எழுப்புவதற்குக்கூட அவள் ஏலக் கணக்குத்தான் வைப்பாள். “ஒரு தரம்” என்றால் போர்வைக்குள் நெளிவார்கள். “ரெண்டு தரம்” என்றால் பாயைச் சுருட்டுவார்கள். மூன்றாவது தரத்தை அந்த வீட்டில் அவள் சொன்னதே இல்லை. மண்டியில் மூன்றாவது தரம் சொல்லிவிட்டால் முடிந்தது முடிந்ததுதான். கடவுளே வந்து கேட்டாலும் சரக்கு கைமாறியாயிற்று.

குரலுக்குப் பயந்தவர்கள் யாரும் பென்சிலுக்குப் பயப்படவில்லை.

காரில் போகும்போது அண்ணன் நாலு ஜன்னலையும் இறக்கிவிட்டான். போதாதென்று எலுமிச்சை வாசனைத் திரவத்தைப் பின்சீட்டுப் பக்கம் இரண்டு முறை பீய்ச்சினான். அக்காவின் கழுத்து வழியாக அது உள்ளே இறங்க, வழியெல்லாம் இருமல்.

கடையில் நீள மேஜையின் மேல் டேப்லெட்டுகள் கம்பியால் கட்டப்பட்டு வரிசையாக நின்றிருந்தன. அண்ணன் நேராகப் பதினோரு அங்குலத்துக்குப் போனான். கண்ணாடி முழுக்க எண்ணெய் விரல் தடங்கள். ஓர் ஓரத்தில் யாரோ பிஸ்கட் தின்ற கையால் தேய்த்த பிசுக்கு. அவன் அதன்மேல் பத்து விரலையும் வைத்துத் தேய்த்தான், கன்னத்தருகே கொண்டுபோய் ஸ்பீக்கரைக் கேட்டான். ஊர் பேர் தெரியாத நூறு பேரின் கை அழுக்கு அவனுக்கு அழுக்காகவே தெரியவில்லை.

அப்போது அக்கா பலமாக இருமினாள். கழுத்துத் துணி நனைந்தது. பக்கத்தில் நின்ற தம்பதி நகர்ந்தார்கள். அது பரவாயில்லை, அந்நியர்கள். அண்ணனும் நகர்ந்தான். இரண்டே அடிதான். செல்போனைக் காதில் வைத்து, யாரும் கூப்பிடாத அழைப்புக்கு “ஹலோ” என்றான்.

தங்கை பையிலிருந்து மாற்றுத் துணியை எடுத்து அக்காவின் கழுத்தைத் துடைத்துக் கட்டிவிட்டாள். அண்ணனைத் திரும்பிப் பார்க்க அவளுக்குப் பிடிக்கவில்லை. பார்த்தால் இத்தனை வருஷம் ‘அண்ணா’ என்று கூப்பிட்டது வாயில் கசக்கும் போலிருந்தது.

“சின்னது ஏதாவது இருக்கா? எழுதினா படிச்சுக் காட்டணும். அவ்வளவுதான்” என்று விற்பனைப் பெண்ணிடம் கேட்டாள்.

மேஜையின் கடைசியில், பெரிய பெட்டி ஒன்றின் பின்னால், தாங்கிகூட இல்லாமல் கிடந்தது ஏழு அங்குலம். விற்பனைப் பெண் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

“உள்ளதைச் சொல்லிடறேன்க்கா. இதுல படம் பாத்தா நின்னு நின்னு வரும். கேம் ஓடாது. கேமரா பேருக்கு இருக்கு. வெயில்ல திரை தெரியாது. ரெண்டு வேலை சேத்துக் குடுத்தா மூச்சு வாங்கும். இதை வாங்கிட்டுப் போனவங்க பாதிப் பேர் சண்டைக்கு வந்திருக்காங்க.”

“பேசுமா?”

“பேசும். நெட் இல்லேன்னாலும் பேசும். என்ன, கொஞ்சம் யோசிச்சுப் பேசும்.”

அக்கா சட்டென்று நோட்டில் எழுதிக் காட்டினாள். இந்த ஒரு முறை யாரும் குறுக்கே வரவில்லை, அண்ணன் இன்னும் அந்தப் பொய் அழைப்பில் இருந்தான். ‘எங்க வீட்ல அப்படி ஒண்ணு இல்ல. வேணும்.’

விற்பனைப் பெண் வாய்விட்டுச் சிரித்தாள். ‘வணக்கம்’ என்று தட்டி, ஒலிக்கும் பொத்தானை அழுத்தினாள். ஒன்றும் நடக்கவில்லை. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. பிறகு ஒரு பெண் குரல், ஏற்ற இறக்கமே இல்லாமல், “வணக்கம்” என்றது.

அதற்குள் வந்து சேர்ந்த அண்ணன், “நாலு செகண்ட். அதுக்குள்ள மனுஷன் தூங்கிடுவான்” என்றான். “ஏங்க, இது தேறுமா? ரெண்டு ஜிபி ரேம். வீட்ல வேற யாருக்கும் ஒரு பிரயோஜனம் கிடையாது.”

தங்கைக்கு அந்த வார்த்தை சுருக்கென்று உறைத்தது. வேறு யாருக்கும் பிரயோஜனம் கிடையாது. மேட்ச் ஓடாது, சமையல் வீடியோ ஓடாது. ஆகவே இதை அக்காவின் கையிலிருந்து யாரும் வாங்கிக்கொண்டு போக மாட்டார்கள். பதினோரு அங்குலம் வந்தால் ஒரு வாரத்தில் அது கூடத்துக்குப் போய்விடும், அக்கா மறுபடி பென்சிலுக்கு வந்துவிடுவாள்.

“இதுதான் வேணும்” என்றாள்.

“உனக்கென்ன தெரியும்? அக்கா, நீ சொல்லு. பெருசுதானே?”

அக்கா அவனைப் பார்க்கவில்லை. காட்சிக்கு வைத்திருந்ததை ஒதுக்கிவிட்டு, அலமாரியில் அடுக்கியிருந்த அட்டைப்பெட்டிகளைக் காட்டி, விரலைக் கீழே, இன்னும் கீழே என்று இறக்கினாள்.

“அடியில இருக்கறதை எடுங்க” என்றாள் தங்கை. “மண்டியில மேல கிடக்கற வெங்காயத்தை அவ தொடவே மாட்டா. மூட்டைக்கு அடியில கையை விட்டுத்தான் எடுப்பா.”

அடிப்பெட்டி வந்தது. அக்கா அதைப் பிரித்து, முதுகில் விரல் முட்டியால் தட்டிக் கேட்டாள். நாலு மூலையையும் கட்டைவிரலால் அமுக்கினாள். வெங்காயத்தின் கழுத்து அழுகியிருக்கிறதா என்று பார்க்கும் அதே விரல். பிறகு ‘வணக்கம்’ என்று தானே ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டி, பொத்தானை அழுத்தினாள்.

அந்த நான்கு நொடியும் அவள் திரையைப் பார்க்கவில்லை. தம்பியைத்தான் பார்த்தாள். இப்போது என்ன சொல்லப் போகிறதோ என்று அவன் வாயை மூடிக்கொண்டு காத்திருந்தான். முடித்து வைக்க அவனுக்கு முதல் வார்த்தைகூடக் கிடைக்கவில்லை.

“வணக்கம்” என்றது குரல்.

அக்கா பையைத் திறந்து தன் கார்டை நீட்டினாள்.

வீட்டுக்கு வந்தபோது மதியம் இரண்டு மணி. அண்ணி சாப்பாட்டை எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். அண்ணன் விடவில்லை. டேப்லெட்டைப் பிடுங்கி, சோபாவில் சாய்ந்து மேட்சைத் தேடினான். பந்து வீசுபவன் ஓடி வந்தான், கையைத் தூக்கினான், தூக்கிய கையோடு நின்றுவிட்டான். நடுவில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.

“குப்பைன்னு சொன்னேன்ல?” அதைச் சோபாவில் எறிந்துவிட்டு, சட்டைப் பையிலிருந்த கிருமிநாசினியைக் கையில் ஊற்றித் தேய்த்தான்.

அக்கா அதை எடுத்துத் தன் துணியால் துடைத்தாள். பின்கட்டுக்குப் போகவில்லை. சாப்பாட்டு மேஜைக்கு வந்து, தலைமாட்டு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். ஏழு மாதத்தில் அவள் அங்கே உட்கார்ந்து யாரும் பார்க்கவில்லை.

“அக்கா, உங்க தட்டை அங்க வெச்சிருக்கேனே” என்றாள் அண்ணி. “இங்க ஈ வரும்.”

அக்கா ஒற்றை விரலால் தட்டிக்கொண்டிருந்தாள்.

“என்ன, மாத்திரையா?” அண்ணன் எட்டிப் பார்த்தான். அவள் திரையை மார்போடு அணைத்துக்கொண்டாள். “தண்ணியா? ஃபேனா? என்னன்னு காட்டினாத்தானே தெரியும்.” அவன் விலகியதும் மறுபடி தட்டினாள். குழம்பு ஆறியது. யாரும் தட்டில் கை வைக்கவில்லை.

தங்கைக்குப் புரிந்துவிட்டது. கேள்வி வருகிறது. இத்தனை நாள் அடுக்கி வைத்த காரணங்களை மனசுக்குள் ஒவ்வொன்றாகப் பிரித்தாள். மாடிப்படி. ஒற்றை அறை. பகல் தூக்கம். பிரிக்கப் பிரிக்க அவளுக்கே அருவருப்பாக இருந்தது. காலையில் அந்த டம்ளரில் தண்ணீர் குடித்துவிட்டு நிமிர்ந்து நின்றது நினைவுக்கு வந்தது. ஒரு டம்ளர் தண்ணீர். அவளுக்கு அது எவ்வளவு சுலபம்.

அக்கா பொத்தானை அழுத்தினாள். மேஜையில் டேப்லெட்டை நிமிர்த்தி வைத்தாள்.

ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு.

“தம்பி, இது நான் வாங்கின வீடு” என்றது அந்தக் குரல், சாவகாசமாக. “நீங்க ரெண்டு பேரும் வேற வீடு பாத்துக்கிட்டுப் போங்க. சின்னவளே, அன்னிக்கு ஆஸ்பத்திரியில உன்கிட்ட கேக்க வந்தது இதைத்தான். இவங்களை வர விடாதே, என் பக்கத்துல நில்லுன்னு. இப்பவாவது நில்லு.”

அண்ணி கரண்டியைப் பாத்திரத்திலேயே விட்டுவிட்டாள். அண்ணன் சிரிக்கப் பார்த்தான்.

“ஏதோ தப்பா அடிச்சிட்டா. மெஷின் கண்டதையும் படிக்குது.”

அக்கா மறுபடி அழுத்தினாள். நான்கு நொடி. அதே வார்த்தைகள், அதே நிதானம். இந்த முறை சிரிப்பு வரவில்லை. அண்ணன் தங்கையின் பக்கம் திரும்பினான். அவன் கழுத்து சிவந்திருந்தது.

“பாத்துக்கிட்டே உக்காந்திருக்கே. அவகிட்ட சொல்லேன். தனியா எப்படி இருப்பா? ராத்திரி மூச்சு அடைச்சா யார் வருவா? நீ வந்து பாத்துப்பியா?”

தங்கை வாயைத் திறந்தாள். மடித்து வைத்திருந்த காரணங்களில் ஒன்றுகூட இந்தக் கேள்விக்கு அளவாக இல்லை. அவை வேறொரு கேள்விக்காகத் தைத்தவை. அக்கா ஒரு நாளும் கேட்காத கேள்விக்காக.

அக்கா பொத்தானுக்கு மேல் விரலைப் பிடித்தபடி, மேஜையைச் சுற்றி ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். இரண்டாவது தரத்துக்கும் மூன்றாவது தரத்துக்கும் நடுவில், கேட்பவர் யாராவது இருக்கிறார்களா என்று மண்டியில் அப்படித்தான் பார்ப்பாள். தம்பியைப் பார்த்தாள். அவன் மனைவியைப் பார்த்தாள். கடைசியாகத் தங்கையிடம் வந்து நின்றது அந்தப் பார்வை.

அக்கா திரைப் பக்கம் திரும்பினாள்.

அழுத்தினாள். ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு.

“தம்பி, இது நான் வாங்கின வீடு” என்று ஆரம்பித்து, ஒரு வார்த்தையும் விடாமல் சொல்லி முடித்தது குரல்.

“இப்பவாவது நில்லு.”